கறை வளர்ந்திருந்தது

அத்தியாயம் 14

நகோயாவிலிருந்து புறப்பட்ட பேருந்து மலைச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பள்ளத்தாக்கு முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது. நீதிமன்றத்துக்குப் போகிற நாளுக்கு இவ்வளவு நல்ல வெயில் கொஞ்சம் அதிகப்படி என்று சிஹோவுக்குத் தோன்றியது.

பக்கத்து இருக்கையில் அம்மா இகுயோ சோற்று உருண்டையை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வைத்திருந்த மீன் துண்டு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, உனக்குப் பயமாவே இல்லையா?"

"இருக்கு. அதுக்காக மீன் ருசி கொறஞ்சிடுமா?"

அறுபத்தேழு வயதில் அம்மாவுக்கு எல்லாமே ருசியாக இருந்தது. ஜன்னல், வெயில், தானே தேர்ந்தெடுத்த இருக்கை. பதின்மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவள். வெளியே வந்து எவ்வளவோ காலமாகியும் கதவுகளைத் தானே திறந்து மூடுவதில் அவளுக்கு இன்னும் சந்தோஷம் தீரவில்லை.

வாசகர்களுக்கு அந்த ஜனவரி மாதம் நினைவிருக்கும். முப்பத்தொரு வருடங்களுக்கு முன், பனி மூடிய ஒரு காலையில், சிஹோவின் பெரியப்பா மசாஃபுமி, வீட்டுக்குப் பின்னாலிருந்த களஞ்சியத்தில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். அண்ணன் தம்பிக்குள் நிலத்தகராறு இருந்த நேரம். தம்பி மனைவி இகுயோவின் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைச் சமையல் அங்கியைப் போலீஸ் எடுத்தது. அதில் கடுகு தெளித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள். மனித ரத்தம், பெரியப்பாவின் ரத்தப் பிரிவு என்று அறிக்கை வந்தது. "செத்துக் கிடந்த அன்னிக்குக் காலைல அவ அந்த அங்கியைத்தான் துவைச்சிட்டிருந்தா" என்று பெரியம்மா சுமியே சாட்சி சொன்னாள். நாள்கணக்காக விசாரித்ததில் இகுயோ ஒப்புக்கொண்டாள். பிறகு நீதிமன்றத்தில் மறுத்தாள். மறுத்தது எடுபடவில்லை.

மறுவிசாரணை கேட்டுப் போட்ட இரண்டு மனுக்கள் தள்ளுபடியாகிவிட்டன. மூன்றாவது மனுவில் நீதிபதி ஒரு வேலை செய்தார். அந்த அங்கியைப் பையோடு கொண்டுவாருங்கள், எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கலாம் என்றார். தீர்ப்புக்குப் பிறகு யாரும் திறக்காத பை.

போன வாரம் அதற்கும் மேலே ஒன்று நடந்தது. செத்துப்போன பெரியப்பாவின் மகள் யுகாரி, முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "நானும் வரேன். ஜட்ஜ் கிட்ட அனுமதி வாங்கிட்டேன்" என்றாள். "எங்கப்பாவோட ரத்தத்தை நான் இதுவரைக்கும் கண்ணால பார்த்ததில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் வக்கீல் ஒகுமுரா காத்திருந்தார். முப்பத்தெட்டு வயது. இந்த வழக்கை எடுத்ததிலிருந்து வயிற்று மாத்திரை இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை.

"ஒண்ணை மட்டும் ஒளிக்காம சொல்லிடறேன்" என்றார் காரை எடுத்தபடி. "இன்னிக்கு அந்தத் துணியிலிருந்து புதுசா எதுவும் கிடைக்கலைன்னா இந்த மனுவும் போச்சு. நாலாவது மனு போடலாம்தான். ஆனா உங்க வயசு..."

"எனக்கு வயசு இருக்கு வக்கீல் சார். உங்க வயிறுதான் அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் பச்சை விளக்கைக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த வண்டி ஒலியெழுப்பியது.

"எனக்குப் பெருசா ஆசையெல்லாம் இல்ல" என்றாள் இகுயோ ஜன்னலைப் பார்த்து. "இவங்கப்பாவோட அஸ்தி அந்தக் குடும்பக் கல்லறைல இருக்கு. கொலைகாரிக்கு அங்க எடம் கிடையாதுன்னு சுமியேக்கா சொல்லிட்டாங்க. அவங்க சொன்னதும் நியாயம்தான். அப்ப நான் கொலைகாரி இல்லைன்னு ஆகணும். அவ்வளவுதான். அவர் பக்கத்துல போய்ப் படுத்துக்கணும்."

ஊருக்குப் போய்ச் சேரணும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். சிஹோ பையிலிருந்து கைக்குட்டையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

நீதிமன்ற இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் யுகாரி நின்றிருந்தாள். கருநீலக் கோட்டும் பாவாடையும். இடது கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. நாற்பது வயது, பள்ளத்தாக்கிலேயே பெரிய பெர்சிமன் பழத்தோப்பு இப்போது அவளுடையது. பழம் உரித்துக் காயப்போடும் பருவத்தில் பாதி ஊருக்கு வேலை கொடுக்கிறவள். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணெல்லாம் கருப்பாகவே இருந்தது.

"நீ சிஹோதானே? அந்தத் தெத்துப்பல்லு அப்படியே இருக்கு."

"உங்க நாக்கும் அப்படியே இருக்குக்கா."

ஒரே விரிப்பில் படுத்து, போர்வைக்குச் சண்டை போட்டு, ஒரே படக்கதைப் புத்தகத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் கிழித்தவர்கள். அப்போது ஒருத்திக்கு ஒன்பது வயது, இன்னொருத்திக்கு ஏழு. யுகாரியின் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. இகுயோவைக் கண்டதும் அது போய்விட்டது.

இகுயோ இடுப்பு வளைய வணங்கினாள். நிமிர வெகுநேரமாயிற்று.

"நான் உங்களுக்காக வரல" என்றாள் யுகாரி. "அப்பாவுக்காக வந்திருக்கேன்."

"வந்ததே போதும்மா. பழம் உரிக்கிற நேரம். வேலையெல்லாம் போட்டுட்டு வந்திருப்பே."

"அதை நான் பாத்துக்கறேன்."

அதற்குள் எழுத்தர் வந்து கதவைத் திறந்தார்.

அறையின் நடுவில் நீள மேஜை. அதன்மேல் வெள்ளைக் காகிதம் விரித்திருந்தார்கள். எல்லோருக்கும் முகமூடியும் மெல்லிய கையுறையும் கொடுத்தார்கள். நீதிபதி கறுப்பு அங்கி இல்லாமல் சாதாரணச் சட்டையில் வந்திருந்தார். தெருவில் பார்த்தால் ஸ்டேஷன் மாஸ்டர் என்று நினைத்துக்கொள்ளலாம். அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு முடிகூடக் கலையாத தலை. அவர் பக்கத்தில் குண்டான ஓர் உதவியாளர்.

சுவரோரம் ஒரு தாங்கியில் அந்த நாளில் எடுத்த வண்ணப் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். படத்தில் அங்கி ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. இடது கையிலும் மார்பிலும் சில புள்ளிகள், அருகில் போய் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தன.

எழுத்தர் பழுப்புக் காகிதப் பையின் முத்திரையை எல்லோருக்கும் காட்டினார். கத்தரித்தார். உள்ளிருந்து மெல்லிய தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, ஒரு தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குகிறவர்போல் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார்.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். சிஹோதான்.

அங்கி பழுப்பாகியிருந்தது. துணி பழசானதால் வருகிற பழுப்பு அல்ல. மார்பில் பெரிய பெரிய துளிகள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அகலமான தாரைகள், ஒன்றோடொன்று கலந்து, வரைபடத்தில் ஆறுகள் ஓடுவதுபோல. புகைப்படத்தில் இருந்த புள்ளிகளை வெட்டிச் சோதனைக்கு எடுத்த சின்னச் சதுர ஓட்டைகள் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வோர் ஓட்டையையும் சுற்றி, படத்தில் இல்லாத ஒரு பெரிய கறை இருந்தது.

"படத்துல இது எதுவுமே இல்லையே!" என்றார் ஒகுமுரா. வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். "ஐயா, கறை வளர்ந்திருக்கு. ரத்தம் எப்படி வளரும்?"

அரசுத் தரப்புப் பெண்மணி அவசரப்படவில்லை. குனிந்து, படத்தையும் துணியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ரத்தக்கறையும் நாளாக ஆக நிறம் மாறும். துவைச்ச துணின்னா, மங்கலா இருந்தது பின்னால தெரிய ஆரம்பிக்கலாம். அந்தக் காலத்துப் புகைப்படத்துல வெளிச்சம் சரியா இல்லாமயும் இருக்கலாம். வளர்ந்திருக்குன்னு இப்பவே சொல்லிட முடியாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீதிபதி தலையசைத்துக்கொண்டார். சிஹோ பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படித்தான் இரண்டு தடவையும் நடந்தது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசியில் தள்ளுபடி.

இகுயோவோ வேறெதையோ கவனித்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கெட் கிழிஞ்சு நான் தெச்ச தையல்" என்று மகள் காதில் சொன்னாள். "எவ்வளவு பத்திரமா வெச்சிருந்திருக்காங்க பாரு."

"அம்மா, ப்ளீஸ்!"

நீதிபதி யுகாரியின் பக்கம் திரும்பி, "நீங்களும் பார்க்கலாம்மா" என்றார்.

யுகாரி மேஜையருகே வந்தாள். இந்த நிமிடத்தை அவள் எத்தனையோ தடவை மனதில் நடத்திப் பார்த்திருந்தாள். பனியில் உதிர்ந்த சிவப்புப் பூப்போல இருக்கும் என்று ஒன்பது வயதில் நினைத்தாள். அப்புறம் துருப்போல இருக்கும் என்று நினைத்தாள். எப்படி இருந்தாலும் அது அப்பா. அவரிடமிருந்து இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அது மட்டும்தான்.

ஜெபமாலையோடு கைகுவித்தாள். கண்ணை மூடினாள். அப்பா, வந்துட்டேன் என்று உள்ளுக்குள் சொன்னாள்.

கண்ணைத் திறந்தபோது முதலில் பட்டது அந்த இடது கை.

அவளுடைய நாக்கு சுருண்டது. வாய் முழுக்கத் துவர்த்தது. புத்திக்கு எட்டும் முன்பே வாய்க்கு எட்டிவிட்டது. அவள் மனதில் அப்பா வரவில்லை. கொட்டகை ஆணியில் தொங்குகிற அவளுடைய பழைய வேலைச் சட்டைதான் வந்தது.

இன்னொரு தடவை பார்த்தாள். குனிந்து முழங்கை மடிப்பைப் பார்த்தாள். மார்புத் துளிகளைப் பார்த்தாள்.

பேசாமல் நகர்ந்துவிடலாம். இந்த அறையில் யாருக்கும் தெரியாது. இகுயோ அந்த ஊரில் இருந்தது ஒரே ஓர் இலையுதிர் காலம்தான். சிஹோ வளர்ந்தது நகோயாவில். வக்கீல் தோக்கியோவில் படித்தவர். சொல்லிவிட்டால், சாட்சி சொன்ன அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? இத்தனை வருடம் யார்மேல் வைத்த கோபத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாளோ, அதை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

குவித்த கை பிரிந்தது.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"பார்க்கிறதுக்குத்தான் அனுமதிம்மா. கருத்துச் சொல்றதுன்னா..."

"தெரியும். ஆனா இது ரத்தம் இல்ல."

எழுத்தரின் பேனா நின்றது.

"உட்காருங்க" என்றார் நீதிபதி. பிறகு, "வேண்டாம், நின்னுக்கிட்டே சொல்லுங்க" என்றார்.

"பெர்சிமன் சாறு. காயவைக்கிற பழம் துவர்ப்பா இருக்கறப்பவே உரிப்போம். சாறு பச்சைத் தண்ணி மாதிரிதான் இருக்கும். துணியில பட்டா அன்னிக்கு ஒண்ணுமே தெரியாது. துவைச்சா பளிச்சுன்னு இருக்கும். மடிச்சு வெச்சிட்டு ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா அங்கங்க புள்ளி எட்டிப் பாக்கும். அடுத்த வருஷம் எடுத்தா பழுப்பு. அதுக்கடுத்த வருஷம் இன்னும் கருப்பு. அது பாட்டுக்கு வளந்துக்கிட்டே இருக்கும். யாராலயும் நிறுத்த முடியாது."

இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "பழத்தைப் பிடிக்கிறது இந்தக் கை. கத்தி அந்தக் கைல. சாறு மணிக்கட்டுல இறங்கி முழங்கைக்கு ஓடும். வருஷா வருஷம் எனக்கு ஓடற மாதிரியே இதுல ஓடியிருக்கு. ஒருத்தரை ஓங்கி அடிச்சா இப்படியா ரத்தம் ஓடும்?"

"அங்கி வெள்ளையாயிற்றே" என்றார் நீதிபதி. "உங்க பக்கத்துல பழம் உரிக்கிறப்ப வெள்ளை உடுத்துவாங்களா?"

"யாருமே உடுத்த மாட்டோம்! கறுப்பு, கருநீலம், கிழிசல் இப்படித்தான். சித்தி நகோயாக்காரி. ஸ்கூல் சமையல்கட்டுல வேலை பாத்துட்டு, அந்த வருஷம்தான் எங்க ஊருக்கு வந்தாங்க. அந்த வெள்ளை அங்கியையே மாட்டிக்கிட்டுப் பழம் உரிக்க வந்து உட்கார்ந்தாங்க. பொம்பளைங்க எல்லாம் முதுகுக்குப் பின்னால ஒரே சிரிப்பு. கல்யாணத்துக்கு வந்தவ மாதிரி இருக்கான்னு. யாரும் அவங்ககிட்ட சொல்லல. நானும் சிரிச்சேன். நானும் சொல்லல."

சித்தி என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. சிஹோ கவனித்தாள். அம்மாவின் கை தன் கையைத் தேடி வந்ததிலிருந்து, அம்மாவும் கவனித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டாள்.

"எங்க மாமியார் வீட்லயும் இப்படித்தான், என் புதுச் சட்டை..." என்று குண்டு உதவியாளர் ஆரம்பித்துவிட்டார். அரசுத் தரப்புப் பெண்மணி மெல்லத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் முகமூடியைச் சரிசெய்துகொண்டு மேற்கூரையை ஆராயத் தொடங்கினார்.

நீதிபதி ஒரு பூதக்கண்ணாடி வாங்கி, வெட்டியெடுத்த சதுரங்கள் ஒவ்வொன்றையும் சுற்றிலும் பார்த்தார். நாலு ஓரத்திலும் அதே பழுப்பு. வெட்டியெடுத்ததும் இந்தக் கறையிலிருந்துதான் என்றால், அன்றைய சோதனை எதைச் சோதித்தது?

"பழச்சாறும் ரத்தமும் இரண்டுமே இருந்திருக்கலாம்" என்றார் அரசுத் தரப்புப் பெண்மணி. ஆனால் முன்பிருந்த உறுதி குரலில் இல்லை. "இன்னொண்ணு. சோதிச்சுத்தான் பாக்கணும்னா ஒப்பிட ஒண்ணு வேணும். இன்னைக்குப் பழத்தை இன்னைக்குத் துணியில தேய்ச்சா, முப்பத்தொரு வருஷத்துல அது என்ன ஆகும்னு தெரியாது."

"சரிதான்" என்றார் நீதிபதி. "ரெண்டு தரப்பும் யோசிச்சு எழுத்துல குடுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்றேன்." பிறகு யுகாரியைப் பார்த்தார். "உங்க பேரு, ஊரு, தொழில் எல்லாம் எழுத்தர்கிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னது பதிவாகணும்."

யுகாரி தன் பெயரைச் சொன்னாள். இறந்தவருக்கு என்ன உறவு என்று எழுத்தர் கேட்டார். "மகள்" என்றாள். இகுயோவைக் காட்டி, "இவருக்கு?" என்றார்.

கொஞ்சம் தாமதித்து, "சித்தப்பா பொண்டாட்டி. சித்தி" என்றாள்.

வெளியே வந்ததும் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது.

ஆற்றோரத்தில் ஓர் உடோன் கடை. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குழம்பு வாசனையோடு ஆவி வந்து முகத்தில் படிந்தது. தடித்த நூடுல்ஸ், மேலே பொரித்த இறால், நறுக்கிய வெங்காயத்தாள். வக்கீல் தைரியமாகக் காரத்தூள் தூவிக்கொண்டார்.

"மாத்திரை போடலையா?" என்றாள் சிஹோ.

"இன்னிக்கு வயித்துக்கு லீவு!"

யுகாரி எதிரில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இகுயோ தன் இறாலை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டாள்.

"சின்னதுல என் தட்டுலேர்ந்து திருடித் திம்ப."

"திருடினது நான் இல்ல. இவ."

"பொய்!" என்றாள் சிஹோ. "சத்தியமா நீங்கதான்க்கா. நான் உங்களுக்குக் காவல் நின்னேன்."

யுகாரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கடைக்காரர் கொடுத்த ஈரத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டாள். நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அது ஒரு நல்ல சத்தம். இந்தக் குடும்பம் ஒரே மேஜையில் உட்கார்ந்து அப்படிச் சத்தம் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

"அப்போ அப்பாவை யார்..." என்று ஈரத்துணிக்குள்ளிருந்து கேட்டாள் யுகாரி. "அதுவும் தெரியாமப் போச்சு இப்ப."

"தெரியலைன்னு தெரிஞ்சிருக்கே" என்றாள் இகுயோ. "சாப்பிடு. ஊறிடும்."

ஒகுமுரா கிண்ணத்தை முடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "இன்னும் ஒரே ஒரு தடைதான். அந்தம்மா கேட்டாங்களே, ஒப்பிட ஒரு துணி. அதே மாதிரித் துணி, அதே வருஷத்துச் சாறு, அத்தனை வருஷம் அலமாரியில கிடந்ததா இருக்கணும். அதுக்கு எங்க போறது? உங்க பழைய சட்டையெல்லாம், யுகாரி மேடம்?"

"எல்லாம் கறுப்புத் துணி. அதுவும் மிஞ்சிப் போனா பத்து வருஷப் பழசு."

அப்போதுதான் அவளுடைய கைப்பேசி அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். "அம்மா" என்றாள்.

சுமியே இருப்பது இதே ஊரின் முதியோர் இல்லத்தில். முழங்கால்தான் போய்விட்டது, மற்றபடி புத்தி கத்திபோல இருந்தது. மகள் இன்று எங்கே போயிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா. ம்... பாத்தேன். அம்மா, அது ரத்தம் இல்லம்மா. பழச் சாறு." யுகாரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா? லைன்ல இருக்கியா?"

மறுமுனையில் ஏதோ கேட்டது. யுகாரி கைப்பேசியை நீட்டினாள்.

"உங்ககிட்ட பேசணுமாம்."

இகுயோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்டது சாட்சிக் கூண்டிலிருந்து. யுகாரி நடுவே கைநீட்டி ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள்.

"இகுயோவா?"

"ஆமாக்கா. உடம்பு எப்படி இருக்கு?"

"அதை விடு. அந்த வருஷம் நீ ரெண்டு அங்கி கொண்டுவந்தே. என்னோடது கிழிஞ்சிருந்ததுன்னு ஒண்ணை எனக்குக் குடுத்தே."

இகுயோ யோசித்தாள். "ஆமா... குடுத்தேன். உங்களுக்குக் கை கொஞ்சம் குட்டையா இருந்தது."

"நான் அதைத் திருப்பித் தரல."

"பரவாயில்லக்கா, ஒரு அங்கிதானே."

"பரவாயில்லைன்னு சொல்லாதே!" குரல் உடைந்து, மறுபடி கூடிவந்தது. "எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நான் போட்டா நிறுத்துவாங்கன்னு ஒரு நாள் நானும் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். நீ ஜெயிலுக்குப் போன மறுவருஷம் அலமாரியைத் திறந்தேன். கை முழுக்கப் பழுப்பு. அன்னிக்கே ஓடிவந்து சொல்லியிருக்கணும். சொல்லல. மடிச்சு அடியில வெச்சேன். இத்தனை வருஷமா அடியிலேயே வெச்சிருக்கேன். எங்க போனாலும் தூக்கிட்டுப் போறேன்."

ஒகுமுரா எழுந்து நின்றுவிட்டார். சத்தம் போடாமல் இரண்டு கையையும் ஆட்டினார்.

இகுயோவின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை. அன்றைக்கு ஒருத்தி தனக்காகவே வெள்ளை உடுத்தினாள் என்பதை இப்போதுதான் அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, அது இப்ப எங்க இருக்கு?"

"இங்கதான், கையிலேயே இருக்கு. வந்து வாங்கிக்க. இரவல் வாங்கினதை இனியும் வெச்சுக்கக் கூடாது. அழுக்கோட குடுத்தா என் மானம் என்ன ஆகறது? இங்க இன்னிக்குத் துணி துவைக்கிற நாள், நல்ல வெயிலும் இருக்கு. துவைச்சு, கஞ்சி போட்டு, மடிச்சு வெக்கறேன்."

"அக்கா, இருங்க..."

லைன் போய்விட்டது. சொல்லவேண்டியதைச் சொன்னதும் வைத்துவிடுவது சுமியேவின் வழக்கம்.

ஒகுமுரா நின்றபடியே தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க" என்றாள் யுகாரி. "துவைச்சா அது போகாது. பழக்கறை எந்தச் சோப்புக்கும் அசையாது. அதான் அதோட குணம்."

ஒகுமுரா மூச்சு விட்டு உட்கார்ந்தார்.

"வெளுக்கிற மருந்துக்கும் அசையாதா?" என்று கேட்டாள் சிஹோ.

யுகாரியின் குச்சிகள் கிண்ணத்தில் விழுந்தன.

"எங்கம்மா வெள்ளைத் துணியை அது போடாமத் துவைச்சு நான் பாத்ததே இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போதே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தாள். வக்கீல் பணத்தை மேஜையில் வைத்துவிட்டு ஓடினார். சிஹோ அம்மாவின் கோட்டை அள்ளிக்கொண்டாள்.

இகுயோ வாசற்படியில் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, மறுமுனையில் அடித்துக்கொண்டே இருந்த மணியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எடுங்கக்கா. துவைக்காதீங்க. அழுக்காவே குடுங்க. எனக்கு அழுக்காத்தான் வேணும்."